உங்கள் அண்ணனின் சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே மாமாவும் குட்டியும் நானும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு இப்போதாவது சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா? எனக்கு ஐந்தாம் மாதம் வரை தண்ணீர்கூடத் தங்கவில்லை. பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தை இனிமேல் போனில் பேச வேண்டாம், கணினி வழியாகவும் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கீழ்க்கடை தையல்காரரின் மைத்துனர் உங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. உட்காரவைத்து ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். போடாவிட்டாலும் அவரே உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் மாமா டாக்டரைப் பார்த்து, "நீங்க இவ்வளவு சின்னப் பையனா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேனே" என்றாராம். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பாடுதான் திண்டாட்டம். மின்விசிறி இறக்கையில் தூசி, ஜன்னல் கம்பியில் துரு, என் தலையில் நரை என்று எல்லாம் அவர் கண்ணில் படுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இவ்வளவு நாள் பொறுமையாக இருக்கிறீர்கள். கணினி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நீங்களாகவே செய்து முடித்திருக்கலாம். "நீங்க சொல்லாம நான் கை வைக்க மாட்டேன் அண்ணி" என்றீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். நான் ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இடையில் வரும், தெரியாததும் வரும்.

அந்தக் கிடங்குக் கட்டிடம் இடிந்து விழுவதற்கு முன்பே உங்கள் அண்ணன் அங்கே போய்ப் படம் எடுத்தவர். முதலாளியே கூப்பிட்டு, விளம்பரத்துக்கு என்று எடுக்கச் சொன்ன படங்கள் அவை. விளம்பரத்துக்கு ஆகாத படங்களையும் இவர் சேர்த்து எடுத்து வந்துவிட்டார். தூண்களில் விரல் நுழைகிற விரிசல், அதன் மேல் பூசிய ஈரப் பூச்சு, பூச்சுக்கு மேலே மறுபடியும் விரிசல். பிறகு கட்டிடம் விழுந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறந்துபோனார்கள். மண் இறங்கிவிட்டது, தூண் நன்றாகத்தான் இருந்தது என்று முதலாளி தரப்பில் சொன்னார்கள். இல்லை என்று காட்ட இவருடைய படங்கள்தான் இருந்தன.

அவற்றைக் கேட்டு ஆள் வரத் தொடங்கியபோதுதான், படங்களை உங்கள் கணினிக்கு அனுப்பிவைக்க ஓர் இலவச மென்பொருள் இருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. சும்மா கிடைக்கிற ஒன்றில் உயிரான படங்களை ஏற்றுவதா என்று கேட்டேன். "இதை எழுதினவங்க உள்ள இருக்கறதை எல்லாம் ஊருக்கே திறந்து வெச்சிருக்காங்க. யார் வேணா படிச்சுப் பார்க்கலாம். ஒளிக்க ஒண்ணும் இல்லாதவன்கிட்டதான் ரகசியத்தைக் குடுக்கணும்" என்றார் உங்கள் அண்ணன். முதல் தடவை இணைத்தபோது, எதிர்ப்பக்கம் இருப்பது உங்கள் கணினிதானா என்று சரிபார்க்க அதன் கைரேகை என்று ஒரு நீண்ட எழுத்து வரிசையைப் படிக்கச் சொன்னது. நீங்கள் அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, இவர் இங்கிருந்து திருப்பிச் சொல்ல, அண்ணனும் தம்பியும் போனில் சண்டை போடுகிறார்கள் என்று தங்கச்சி ஓடிவந்தாளே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

திரையில் இடது பாதி நம் கணினி, வலது பாதி உங்கள் கணினி. இங்கிருந்து இழுத்து அங்கே விட்டால் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் யார் நின்று பார்த்தாலும் குப்பைதான் தெரியும் என்றீர்கள். உங்கள் கணினிக்குள் நுழைய, சாவி என்று இரண்டு சின்னக் கோப்புகள் செய்தீர்கள். ஒன்று நான் ஆல்பம் வடிவமைக்கும் இந்தக் கணினியில். இன்னொன்று அவருடைய மடிக்கணினியில். அவர் சாவிக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் வைத்தார். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை. "தெரியாம இருக்கறதுதான் உனக்கு நல்லது" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, விசாரணை அதிகாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதிகாரி இருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. மற்றது உங்களுக்குத் தெரியும். காவல் நிலையத்தில் இன்னமும், "தகவல் வந்தா சொல்றோம்மா" என்பதுதான் பதில்.

அவர் போன பிறகு, மீதி இருந்ததை அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. பழைய மெமரி கார்டுகளில் கிடந்த கட்டிடப் படங்களைத் தேடித் தேடி உங்களிடம் ஏற்றினேன். கூடவே வீட்டுப் படங்கள் என்று ஒரு கோப்புறையும் போட்டேன். என்றாவது வந்தால் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம் நீங்கள் போன் செய்தீர்கள். குரலே சரியில்லை. அண்ணனின் சாவியைப் போட்டு யாரோ உள்ளே வந்துபோயிருக்கிறார்கள் என்றீர்கள். வந்துபோகிறவர்களைக் கணினி குறித்துவைக்கும் பதிவேட்டில் விழுந்திருக்கிறது, எந்த ஊரிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை, பல கணினிகள் மாறி வந்திருக்கிறது என்றீர்கள். எதை எடுத்தார்கள் என்று கேட்டேன். தூண் படங்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை, குட்டியின் விளையாட்டு விழாப் படங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்றீர்கள்.

தம்பி, நான் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது பயம் இல்லை. வேறு எவன் மகள் ஓடிய படத்தை எடுப்பான்? தூணை விட்டுவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறவன் அப்பன்தானே?

நீங்கள் அன்றே, "அது அண்ணன் இல்ல அண்ணி" என்றீர்கள். பிறகு, "ஆனா கடவுச்சொல் இல்லாம அந்தச் சாவி திறக்காது" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும். அது அவர் இல்லை என்றால், அவரிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கியிருக்கிறார்கள். அவர் கேட்டால் கொடுக்கிற ஆள் இல்லை. எப்படி வாங்கியிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால், நான் எழுந்துபோய்த் துணி துவைப்பேன். துவைத்த துணியையே துவைத்த நாட்களும் உண்டு.

எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டேன், தூண்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அண்ணனின் சாவி இனி இங்கே திறக்காதபடி அதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

குட்டி பள்ளிக்குப் போனதும் மாமா கொஞ்சம் கண் அயர்வார். அந்த நேரத்தில் உங்கள் அண்ணனின் வேலை அறையில் போய் உட்காருவேன். திரையின் வலது பாதியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். அதைக் கேட்டால் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். நான் புதுப் படங்களாக ஏற்றினேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படம். நாற்காலியில் கால் தொங்கவிட்டு எழுதுகிற படம். தாத்தாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற படம். அடுத்த தடவை உங்களிடம் பேசும்போது, சும்மா கேட்பதுபோல யாராவது வந்தார்களா என்று கேட்பேன். வந்தார்கள், வீட்டுப் படங்களைத்தான் எடுத்தார்கள் என்பீர்கள். நான் வைக்க வைக்க, அங்கே ஒரு கை வந்து எடுத்துக்கொண்டே இருந்தது. பசித்தவருக்குச் சாப்பாடு வைப்பதுபோல வைத்தேன் தம்பி. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். தலை வாரிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மாமா ஒருநாள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். புதுக் கண் அல்லவா, திரையில் இருப்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. யாருக்கம்மா குட்டி படத்தை அனுப்புகிறாய் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். "எடுக்கட்டும்மா. புள்ள படத்தை அப்பன் எடுக்காம யார் எடுப்பா?" என்றார். பிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் படம் தேர்ந்தெடுத்தோம். இதில் அவள் முகம் சரியாக விழவில்லை, அதை அனுப்பு என்பார்.

பள்ளி விடுமுறை வந்தது. அடுத்த வகுப்புக்கு என்று குட்டிக்கு ஒரு பை வாங்கினேன். மஞ்சள் நிறம், மேலே ஒரு முயல். பள்ளி திறக்கும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் வீட்டுக்குள்ளேயே அதை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து ஏற்றினேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத் தையல்காரர் என்னைப் படியிலேயே நிறுத்தினார். காஜா போடக் கொடுத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஒருத்தர் வந்து போட்டோக்காரர் வீடு இதானான்னு கேட்டாரு. அவர் இப்போ ஊர்ல இல்லைன்னேன். அது தெரியும்னாரு. முயல் போட்ட மஞ்சப் பை மாட்டிட்டுப் போகுமே, அந்தப் பாப்பா எந்த ஸ்கூலுன்னு கேட்டாரு. நான் நம்ம பாப்பாகிட்ட அப்படி ஒரு பையைப் பார்த்ததே இல்லையே, வேற வீடா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

அந்தப் பை வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை, தம்பி.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. குட்டி கதவைத் திறந்தாள், முதுகில் பையோடு. கழற்றி உள்ளே வை என்று கத்தினேன். அவள் அழுதாள். நான் அவளை அணைத்துக்கொண்டு ஜன்னலை எல்லாம் சாத்தினேன். வெயில் நேரத்தில் ஏன் சாத்துகிறாய் என்று மாமா கேட்டார்.

அப்போதும்கூட என் மனம் ஒரேயடியாக ஒப்பவில்லை. அவர்தான் யாரையாவது அனுப்பியிருப்பாரோ, மகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு பக்கம் ஓடியது. அதனால்தான் ஒன்று செய்தேன். வீட்டுப் படங்கள் கோப்புறையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை வைத்தேன். ஆள் இல்லாதபோது என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், அந்த ஒரு சொல் போதும் என்று எழுதினேன். குட்டியின் படங்களை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர் அது. கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. உங்கள் முன்னால்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

சில நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், நான் வைத்த கோப்புக்குக் கீழே பதில் என்று இன்னொரு கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இழுத்து இடது பக்கம் விட்டேன். கடுகளவு கோப்பு, கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. திறக்கத்தான் நேரமாயிற்று. உள்ளே என் பெயர் இருந்தது. கல்யாணப் பதிவில் இருக்கிறபடியே முழுப் பெயர், முதலெழுத்தைக்கூட விடாமல். அதைத் தவிர வேறு ஒரு சொல்லும் இல்லை.

உங்கள் கணினியில் நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

மாமா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். "அவன் உன்னை இப்படிக் கூப்பிட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா என்றேன். "எனக்குக் கண்ணுதான் மங்கலா இருந்துச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு. சுவர் என்ன இரும்பாலயா கட்டியிருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடிந்தது. அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே யோசித்தேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவரை வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், அவர் இந்த ஒன்றைக் கொடுக்கவில்லை. கடவுச்சொல்லைக் கொடுக்கவைத்தவர்களிடம் இதைக் கொடுக்கவில்லை. அல்லது அவரே பக்கத்தில் ஒருவன் நிற்க உட்கார்ந்து தட்டியிருந்தால், நான் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் பெயரைத் தட்டியிருக்கிறார். அல்லது அவர் அங்கே இல்லவே இல்லை, எங்கேயும் இல்லை. மூன்றில் எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், கதவைச் சாத்து என்றுதான் எனக்குக் கேட்கிறது.

கிடங்கில் இறந்தவர்களுக்காக வழக்கு நடத்தும் வக்கீல் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. யாரோ உள்ளே போய் வருகிறார்கள் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால், படங்களையே மாற்றிவிட்டார்கள் என்று சொல்வார்கள், அப்புறம் அந்தத் தூண்களை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். விசாரணை வருவதற்குள் அந்தச் சாவியை எடுத்துவிட வேண்டும், பதிவேட்டை அப்படியே அவரிடம் கொடுக்க வேண்டும் என்றார். நான் அவர் மேஜைக்கு முன்னால் இருந்தபோது, கிடங்கில் மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். உங்க வீட்டுக்காரர் படம்தாம்மா எங்களுக்கு நம்பிக்கை என்றார். அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என்னுடைய யோசனை முடிந்துவிட்டது.

குட்டியை நான் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கே என்று இதில் எழுத மாட்டேன். வக்கீல் அம்மா ஏற்பாடு செய்திருக்கிறார், அவரிடம் கேட்டால் உங்களுக்கு மட்டும் சொல்வார். பையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாமா வர மாட்டேன் என்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அவன் வந்தா வீட்ல ஆள் வேணாமா?" என்று ஒரே பேச்சு. தையல்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும், சொட்டு மருந்தையும் அவரே விடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவிடம் பேசுங்கள். படத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கண் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்.

என் சாவியை இந்தக் கணினியிலிருந்து நானே அழித்துவிட்டேன். புதுக் கணினியில் புதுச் சாவி செய்துகொள்ளும்போது, எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்ட உங்களைக் கூப்பிடுவேன். அப்போது நாம் இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

அவருடைய சாவியை எடுத்துவிடுங்கள் தம்பி. நான் சொல்லிவிட்டேன், இது என் வாயால் சொன்னதுதான். நாளைக்கு உங்கள் மனம் உறுத்தினால், அண்ணி சொன்னாள், நான் செய்தேன் என்று இருங்கள். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். என்றாவது ஒருநாள் அவரே உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், முகத்தைப் பார்த்தால் போதும், எந்தச் சொல்லையும் கேட்காதீர்கள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தெருவில் போகும்போது கொஞ்சம் பார்த்துப் போங்கள்.

சாவியை எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதை வக்கீல் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அது வேண்டும். எனக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணி